ஓவியர் லிங்கத்துரை எடுத்துப்போன நிறங்கள்

மணல் சிவப்பாக இருந்த காலத்தில் செந்தேரிவிளையில் லிங்கத்துரை என்றும் அருமைநாயகம் என்றும் இரண்டு இளந்தாரிகள் இருந்தார்கள். ஒரே வருஷம் பிறந்தவர்கள், ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் தோற்றவர்கள், திருச்செந்தூர் சாலையில் ஒரே போர்டு கடையில் ஒரே டப்பாவுக்குள் பிரஷ்ஷை முக்கி, லாரிக்கு நம்பரும் மளிகைக் கடைக்குப் பெயரும் தேர்தல் வந்தால் சுவருக்குச் சின்னமும் எழுதினவர்கள். இரண்டு பேரில் அருமைநாயகத்துக்குத்தான் கை வாகு. ஸ்கேல் இல்லாமல் இருபதடிச் சுவரில் அவர் ஒரு கோடு இழுத்தால் எறும்பு அதில் ஏறி வழி மாறாமல் அந்தக் கடைசிக்குப் போய்விடும். லிங்கத்துரை இழுத்த கோட்டில் ஏறின எறும்பு வீடு போய்ச் சேர்ந்ததில்லை. பால்காரர் ஒருவர் தன் கடைப் பலகையில் பசு மாடு வேண்டும் என்று கேட்க, லிங்கத்துரை ராத்திரி பகலாக வரைந்து கொடுத்ததைப் பார்த்துவிட்டு, "எலேய், இது என் மாடா, என் மச்சினனா?" என்று கேட்டவர், பிறகு அருமைநாயகத்தைக் கொண்டு அதை அழித்து எழுதிக்கொண்டு போனார்.

அப்படிப்பட்ட லிங்கத்துரைதான் பின்னாலே உலகம் பூராவும் பேர் எடுத்தான். பேப்பர்காரர்கள் 'அவர்' என்றும் 'மாமேதை' என்றும் போட்டார்கள். அருமைநாயகம் வாசிக்கும்போது மட்டும் அது கடைசிவரை 'அவன்' என்றே இருந்தது.

எல்லாம் ஒரு சித்திரை மாதத்து மத்தியானத்தில் ஆரம்பித்தது. லிங்கத்துரைக்கு என்ன தோன்றியதோ, பழைய பலகை ஒன்றைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு தேரிக்காட்டுக்குப் போய், கைப்பிடி நிழல்கூட இல்லாத மேட்டில் உட்கார்ந்து, ஊரைச் சுற்றி மலை மலையாகக் கிடந்த செம்மணலை வரைய ஆரம்பித்தான். கூடப் போன அருமைநாயகம், வெயிலுக்கு இவன் மூளை உருகிப்போச்சு என்று நினைத்துக்கொண்டு தலையில் துண்டைப் போட்டபடி நின்றார். அவன் டப்பாவில் இருந்தது வெள்ளைப் பெயிண்ட் மட்டும்தான். வெள்ளையைத் தொட்டுத் தொட்டு வைத்தான், பலகையில் விழுந்தது சிவப்பு. இந்தப் பக்கம் பலகை சிவக்கச் சிவக்க அந்தப் பக்கம் மணல் வெளுத்தது. ஈரச் சுவர் காய்கிற மாதிரி ஓரத்திலிருந்து உள்ளே உள்ளே என்று வெளுத்துக்கொண்டே வந்தது.

"எலேய் லிங்கம், மணலு வெளுக்குலே."

"தெரியுது. கொஞ்சம் தள்ளி நில்லு, ஒன் நெழலு விழுது."

பொழுது சாய்வதற்குள் தேரி முழுக்க இடித்த பச்சரிசி மாவு நிறத்துக்கு வந்துவிட்டது. பலகையில் மட்டும் அத்தனை சிவப்பும் ஒரு முழ அகலத்துக்குள் திமிறிக்கொண்டு நின்றது.

மறுநாள் காலையில் ஊர் கூடியது. அப்போது ஊர்த்தலைவராக இருந்தவர் வேதமாணிக்கம். அரிவாள் மாதிரி கருத்த மீசை வைத்திருப்பார்.

"எலேய், ஊரு மண்ண என்னலே செஞ்ச?"

"வரைஞ்சேன் பெரியப்பா."

"வரைஞ்சா அது அங்கயும் இருக்கணும், இங்கயும் இருக்கணும்லா? போட்டோ பிடிச்சா ஆளு செத்தா போறான்?"

"எனக்கு அப்படி வரல பெரியப்பா. ஒரு எடத்துலதான் நிக்கி."

ஊர் யோசித்துத் தீர்ப்புச் சொன்னது: பலகையைக் கருப்பட்டிச் சங்கத்துச் சுவரில் மாட்ட வேண்டும், ஊர் மண்ணின் சிவப்பைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம். எட்டு நாள் சனம் வந்து பார்த்தது. உள்ளங்கையை வைத்துப் பார்த்த பொம்பளைகள் சுடுகிறது என்று கையை உதறினார்கள். இரண்டு வெள்ளாடுகள் வந்து, மத்தியான நேரத்தில் படுக்கிற பழைய மேடு இதுதான் என்று நினைத்துச் சுவரில் முட்டின. ஒன்பதாம் நாள் பனையேறிகள் ஒரு விஷயம் கண்டுபிடித்தார்கள், வெள்ளை மணல் உச்சி வெயிலிலும் காலைச் சுடவில்லை. பத்தாம் நாள் சலவைக்காரர் சுடலை, வேட்டிக் கரையில் செம்மண் ஏறாததால் பாதி வேலை மிச்சம் என்றார். அடுத்த மாதம் ஒரு சினிமாக் கம்பெனி வந்து, வெள்ளைத் தேரியைக் காஷ்மீர் என்று வைத்துப் பாட்டு எடுத்தது. கம்பளிச் சட்டை போட்ட கதாநாயகி மூன்று தரம் வெயிலுக்கு மயங்கி விழ, ஊர்ப் பெண்கள் பதநீர் கொடுத்துத் தெளிய வைத்தார்கள். அதோடு ஊருக்கு வருத்தம் தீர்ந்தது. சிவப்பு மணல் என்று ஒன்று இருந்ததே பாட்டிலும் பழமொழியிலும் மட்டும் மிஞ்சியது.

பாட்டு எடுக்க வந்த கூட்டத்தோடு வந்த மெட்ராஸ்காரர் ஒருவர் சங்கத்துச் சுவரைப் பார்த்தார். பார்த்தவர் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சாயங்காலம்தான் எழுந்தார். படத்தையும் கொண்டுபோனார், வரைந்தவனையும் கொண்டுபோனார். பக்கத்தில் நின்ற அருமைநாயகத்தைப் பார்த்து, "தம்பி, இதைக் கொஞ்சம் சாக்கு சுத்திக் கட்டிக் குடுங்க" என்றார். அருமைநாயகம் சாக்கு சுற்றி, சணல் போட்டு, வண்டி குலுங்கினாலும் அசையாதபடி கட்டிக் கொடுத்தார். அந்த முடிச்சு அன்றைக்கு விழுந்தது சாக்கில் இல்லை, அவர் வயிற்றில்.

பிறகு லிங்கத்துரையின் சரித்திரம் ஊருக்குத் தெரிந்த மட்டில் இப்படி நடந்தது. மெட்ராசில் ஓவியப் பள்ளியில் சேர்ந்தான், சொல்லிக் கொடுக்க வந்தவர்கள் அவனிடம் கேட்டுக்கொண்டு போனார்கள். டெல்லிக்குப் போனான், தாடி வைத்தான், அது பேப்பரில் வந்தது. தாடியை எடுத்தான், அதுவும் வந்தது. மூன்று கல்யாணம் பண்ணினான், மூன்றுக்கும் ஊருக்குப் பத்திரிகை அனுப்பினான், சேர்ந்த தகவல் வருவதற்குள் பிரிந்த தகவல் வந்துவிட்டதால் ஒன்றுக்கும் ஊர் போக முடியவில்லை. பாரிசில் இருந்தபோது கருப்பட்டியை நாக்கில் வைக்காமல் பிரஷ்ஷைத் தொட மாட்டான் என்று இங்கிருந்து ஓலைப்பெட்டி ஓலைப்பெட்டியாகப் போனது. ஒரு மந்திரி ஆளனுப்பித் தன்னை வரையச் சொன்னபோது, "ஐயாகிட்ட எடுக்கிறதுக்கு ஒரு நெறமும் காணலையே" என்று சொல்லி அனுப்பினவன் அவன்தான். ஊர் இதைக் கேட்டுக் கைதட்டியது. அருமைநாயகமும் தட்டினார், ஆனால் சத்தம் வரவில்லை.

எங்கே போனாலும் அவன் வரைந்தது செந்தேரிவிளையைத்தான். கண்ணால் பார்க்க வேண்டும் என்றுகூட இல்லை, கடல் தாண்டி உட்கார்ந்து நினைத்தாலே போதும். ஒரு நாள் காலையில் கரண்டுக் கம்பியில் இருந்த காக்கை ஒன்று, பாதி கரைந்துகொண்டிருக்கும்போதே கொக்காக வெளுத்தது. மீதியையும் அது கரைந்து முடித்துவிட்டுப் பறந்துபோனது. டீக்கடை ராஜாமணி கிளாசைக் கழுவிக்கொண்டே, "துரை முழிச்சாச்சு, வேலை பாக்கான்" என்றார். அன்றிலிருந்து அவன் கடிதம் போடாவிட்டாலும் ஊருக்குத் தெரியும். இசக்கியம்மாள் வீட்டுச் செம்பருத்தி வெளுத்தால் அவன் நல்ல சுகத்தோடு இருக்கிறான். மாசக்கணக்கில் எதுவும் வெளுக்காவிட்டால் காய்ச்சல் என்று கோயிலில் ஒரு தேங்காய், சர்ச்சில் ஒரு ஜெபம். வேதமாணிக்கத்தின் மீசைக் கறுப்பு நாற்பத்தைந்து வயதில் ஒரே நாளில் போனது, அவர் அன்றைக்கு மேளம் வைத்தார். ராஜாமணி கடைத் தேயிலைக்குச் செம்மை போய், டீ பச்சைத்தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது, ருசியும் சூடும் அப்படியே. அதைக் குடித்துப் பார்க்க நாசரேத்திலிருந்தும் உடன்குடியிலிருந்தும் ஆள் வந்தது.

கொஞ்சம் கொஞ்சமாக நிறம் போவது ஊரில் ஒரு மரியாதையாக மாறியது. பெண் பார்க்க வந்தால் நகை நட்டு கேட்பதற்கு முன்னால், "வீட்ல என்னென்ன போயிருக்கு?" என்று கேட்டார்கள். "மாட்டோட செவலை போயிருக்கு, தலைவாசக் கதவோட நீலம் போயிருக்கு" என்று பெண் வீட்டார் விரல் மடக்கிச் சொன்னார்கள். கல்யாணப் பத்திரிகையில் பட்டத்துக்குப் பதிலாக, 'செம்பருத்திச் சிவப்பு வழங்கிய இசக்கியம்மாள் குடும்பம்' என்று அச்சடித்தார்கள். அச்சடித்தது டவுனில், பந்தல் வாசலில் அதைப் பெரிசாக எழுதினது அருமைநாயகம்.

அருமைநாயகத்தின் வீட்டில்தான் வெகுகாலம் ஒன்றும் போகவில்லை. போர்டு கடை அவர் கைக்கு வந்து 'அருமை ஆர்ட்ஸ்' ஆகிவிட்டது, வாசலில் இருபது டப்பாவில் இருபது நிறம் திறந்து கிடந்தது, களவாணிக்குக் கதவைத் திறந்து வைத்தவர் மாதிரி அவர் காத்திருந்தார். பொங்கலுக்குப் பொங்கல் வீட்டுக்கு ஏழு நிறம் அடித்தார். இடுப்பில் கத்தரிப்பூ நிறத்தில் சாரம் கட்டினார், ரத்தச் சிவப்பில் சட்டை போட்டார், கூண்டில் ஒரு கிளி வாங்கி அவன் எந்தத் திசையில் இருந்து நினைத்தாலும் தட்டுப்படுகிற மாதிரி வாசலில் தொங்கவிட்டார். எதிர் வீட்டுக் கோழிக் கொண்டை போனது, பக்கத்து வீட்டு மஞ்சள் கிழங்கு போனது, அவர் கிளி மட்டும் நாளுக்கு நாள் பச்சை ஏறிக்கொண்டே இருந்தது. அவர் போகும்போது டீக்கடையில் சத்தம் தணியும். "பாவம், அண்ணாச்சி வீட்ல இன்னும் ஒண்ணும் போகலையாம்." சாவு வீட்டுக்காரரிடம் பேசுகிற குரலில் அவரிடம் பேசினார்கள்.

இதையெல்லாம் அவர் பொறுத்தார். அவர் பெண்டாட்டி தங்கக்கனியின் சேலைதான் அவரைக் கொன்றது. தங்கக்கனி ஒரு நாள் ஆசைக்குத் தன் கல்யாணச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு குழாயடிக்குப் போனாள், நல்ல கிளிப்பச்சைச் சேலை; குடம் நிறைவதற்குள் சேலை வெள்ளையாகிவிட்டது. புருஷன் இருக்கிறவள் வெள்ளைச் சேலை கட்டலாமா என்று இரண்டு நாள் பேச்சு நடந்தது. பூசாரியும் போதகரும் ஒரே நேரத்தில் வந்து பார்த்து, இது வெளுத்த வெள்ளைதான், விதவை வெள்ளை இல்லை, தாராளமாகக் கட்டலாம் என்று சொன்னார்கள். அடுத்த கோயில் கொடைக்குள் ஜவுளிக்கடையில் 'துரை வெள்ளை' என்று தனி அடுக்கே வந்து, ஊரில் பாதிப் பெண்கள் அதைக் கட்டினார்கள். ஆனால் அசல் தங்கக்கனியிடம் மட்டும்தான். அதை அவள் நடையிலேயே காணலாம்.

"அவன் ஒன்ன நெனைச்சிருக்கான்" என்றார் அருமைநாயகம், சோற்றைப் பிசைந்துகொண்டே.

"சேலைய நெனைச்சிருக்காவ."

"சேலைக்குள்ள யாரு இருந்தா?"

"இருவது வருசமா நீங்க ஏறெடுத்துப் பாக்காத சேலைய ஒரு மனுசன் எங்கயோ இருந்து பாத்திருக்காவ. அதுக்கு நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க?"

அவருக்கு வந்த எரிச்சல் புருஷனுக்கு வருகிற எரிச்சல் என்று தங்கக்கனி நினைத்து, உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமும் பட்டாள். அது இல்லை. கல்யாணத்துக்கு லிங்கத்துரை மெட்ராசிலிருந்து வந்து, மணமேடைக்கு எதிரே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். அந்தப் பச்சைச் சேலைக்குப் பக்கத்தில், தோள் இடிக்க, மாலையும் கழுத்துமாக நின்றது யார்? சேலை ஞாபகம் இருக்கிறது, ஒட்டி நின்றவன் ஞாபகம் இல்லையா? வேட்டிக் கரையையாவது எடுத்திருக்கக் கூடாதா? அன்றைக்கு அவர் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். தங்கக்கனி ஒரு செம்பு மோர் கொண்டுவந்து வைத்தாள். அதற்கு முன்னாலும் வைத்திருக்கிறாள், அதற்குப் பின்னாலும் வைத்தாள். அந்த வயிறு ஆறவே இல்லை.

நாற்பது வருஷம் இப்படிப் போனது. அப்போது சுகந்தி என்று ஒரு பெண் ஊருக்கு வந்தாள், கழுத்துவரை முடி வெட்டின மெட்ராஸ்காரி. லிங்கத்துரையின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதுகிறாள், யார் யாரிடம் எந்தெந்த நிறம் எடுத்தான் என்று கேட்டு எழுதிக்கொண்டு போக வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் ஊர் குளித்து முழுகி வாசலில் நின்றது. முதல் நாள் மேலத்தெரு, இரண்டாம் நாள் கடைத்தெரு என்று ஏற்பாடு. மூன்று தலைமுறைக்கும் நிற்கப் போகிற புத்தகம். அதில் ஊர்க் காக்கைக்கு ஓர் இடம் உண்டு, ராஜாமணியின் டீக்கு ஓர் இடம் உண்டு, கூடவே இருந்து ஒரே டப்பாவில் பிரஷ்ஷை முக்கினவன் பெயர் இருக்காது. அருமைநாயகத்துக்கு வேண்டியது ஒரு வரி. 'அருமைநாயகத்திடமும் எடுத்தார்' என்று ஒரே ஒரு வரி.

இரண்டாம் நாள் மத்தியானம், கடைத்தெரு சாப்பிட்டுக் கண் அசந்த நேரத்தில், அவர் ஒரு காரியம் செய்தார். கடைக் கதவின் நீலத்துக்குமேல் சுண்ணாம்பை மெல்லிசாகக் குழைத்து, பிரஷ் தடம் தெரியாமல், தன் கைத்திறமை அத்தனையும் காட்டி அடித்தார். பிறகு கூண்டைத் திறந்து, பவுடர் டப்பா ஒன்றைக் காலி பண்ணிக் கிளியை வெள்ளையடித்தார். கிளி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

நான்கு மணிக்குச் சுகந்தி வந்தாள், பின்னால் பாதி ஊர். வெள்ளைக் கதவையும் வெள்ளைக் கிளியையும் பார்த்த ஊர் ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு முன்னால் வந்தது. இசக்கியம்மாள் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "கடைசில அண்ணாச்சிக்கும் வந்துட்டே!"

"எப்பங்க போச்சு?" என்று சுகந்தி நோட்டை விரித்தாள்.

"இப்ப மத்தியானந்தான். நான் பாத்துக்கிட்டே இருக்கேன், கதவும் கிளியும் ஒண்ணாப் போவுது."

"அவர் இப்ப கண் ஆபரேஷன் முடிஞ்சு கட்டோட படுத்திருக்காரே. பிரஷ்ஷையே தொடலையே."

"கண்ணக் கட்டுனா என்ன, நெனைப்பையுமா கட்டுவாவ?" என்று அருமைநாயகம் சமாளித்தார். நல்ல சமாளிப்புத்தான், ஊர்கூட ஆமாம் போடத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்துக் கிளிக்கு மூக்கில் பவுடர் ஏறி, ஒரு தும்மல் போட்டது. போட்டுவிட்டு உச்சந்தலையிலிருந்து வால்வரை ஓர் உலுக்கு உலுக்கியது. கடை முழுக்க வெள்ளைப் புகை. புகை அடங்கினபோது கூண்டில், இத்தனை வருஷமாக ஒருத்தரும் தொடாத பச்சையில், கிளி நின்றது.

ஊர் சிரித்த சிரிப்பில் வெளியே நின்ற மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. கிழவராகிவிட்ட வேதமாணிக்கம் மட்டும் சிரிக்காமல் கம்பை ஊன்றிக்கொண்டு சொன்னார்: "போகாததப் போச்சுன்னு சொல்லுததும் களவுதாம்ல, அருமை."

எல்லாரும் போன பிறகும் சுகந்தி போகவில்லை. அருமைநாயகம் ஸ்டூலில் உட்கார்ந்து, விரலில் ஒட்டின சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டே பேசினார், யாரிடம் பேசுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல்.

"காக்காகிட்ட எடுத்தாம்மா. மாட்டுகிட்ட எடுத்தான். எம் பொண்டாட்டி சேலைய எடுத்தான். அவன் மொத மொத மணலத் தொடும்போது பக்கத்துல நின்னவன் நான், தள்ளி நில்லுன்னான், தள்ளித்தான் நின்னேன், இன்னும் தள்ளித்தான் நிக்கேன். எங்கிட்ட எடுக்க ஒண்ணுமே இல்லியா? மந்திரிகிட்டயாவது இல்லன்னு சொல்லி அனுப்புனான். எனக்கு அதுகூட இல்ல. இங்க எரியுதும்மா. நாப்பது வருசமா, இந்தா இந்த எடத்துல."

சுகந்தி அத்தனையையும் எழுதிக்கொண்டாள்.

அதிலிருந்து பதினோராம் நாள் லிங்கத்துரையே வந்து இறங்கினான். மெலிந்துபோய், கறுப்புக் கண்ணாடி போட்டு, கையில் பிரம்போடு. ஊர் வாழைமரம் கட்டி, வெள்ளைத் துணியில் வளைவு போட்டு, தவிலும் நாயனமும் வைத்து நின்றது. அவன் வளைவுக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு நேரே 'அருமை ஆர்ட்ஸ்' கடைக்குள் போனான்.

"என்னலே, கிளிக்குப் பவுடர் போட்டியாம?"

"ஆமா, போட்டேன். அதுக்கு இப்ப என்ன?"

"ஒண்ணுமில்ல. சட்டையக் கழத்தாத. ஸ்டூல்ல உக்காரு."

மூன்று நாள் வரைந்தான். ரோட்டில் கூட்டம் நின்று பார்த்தது. சிவப்புச் சட்டை போகுமா, கத்தரிப்பூச் சாரம் போகுமா, புருவத்தில் மிஞ்சியிருக்கிற கறுப்புப் போகுமா என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அருமைநாயகம் மூச்சைக்கூட அளந்து விட்டார். இரண்டாம் நாள் பொறுக்க முடியாமல் கேட்டார்: "நாப்பது வருசமா ஏம்ல எங்கிட்ட எடுக்கல?"

"எனக்கு வெளிய கெடக்குததத்தான் எடுக்கத் தெரியும். ஒன்னுது உள்ள கெடந்துருக்கு. அந்தப் பிள்ள எழுதிக் கொண்டாந்ததப் படிச்ச பொறவுதான் எடம் புரிஞ்சுது. ஆடாம இரு."

மூன்றாம் நாள் சாயங்காலம் லிங்கத்துரை பிரஷ்ஷைக் கழுவினான். சட்டை சிவப்பாகவே இருந்தது. சாரம், புருவம், கிளி, எல்லாம் இருந்த நிறத்தில் இருந்தன. படத்தின்மேல் துணியைப் போட்டு மூடி வண்டியில் ஏற்றிவிட்டு, "எடுத்தாச்சுலே" என்று மட்டும் சொல்லிப் போய்விட்டான்.

அன்று ராத்திரி அருமைநாயகம் மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் எதிர்க்கடைக்குப் போனார். அது ஜெயசீலன் என்பவன் பிளெக்ஸ் பேனர் போடுகிற கடை, அந்தப் பக்கம் எச்சில் துப்புவதற்கு மட்டும்தான் அவர் திரும்புவது வழக்கம். உள்ளே போய் உட்கார்ந்து, "நல்லா அடிக்கியேடே, எழுத்து கண்ணுல ஒத்திக்கிற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தார். ஜெயசீலன் பயந்துபோய்க் கடையைச் சாத்தினான்.

தங்கக்கனி டீக்கடைக்கே வந்துவிட்டாள். "எங்க வீட்டுக்காரருக்கு என்னமோ ஆயிட்டு. நேத்துப் பூரா ஒருத்தரையும் ஏசல. ராஜாமணி அண்ணன் புது வீடு கட்டுதாவளாம், நல்லா இருக்கட்டும்னு சொல்லுதாவ."

"நல்லா இருக்கட்டும்னா?" என்று ராஜாமணி எழுந்து நின்றார். "என்னையா?"

வேதமாணிக்கம்தான் அருமைநாயகத்தின் நாடி பிடித்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சொன்னார். குளத்து அடிமண் மாதிரிக் குளிர்ந்து கிடந்தது அது. "எரிச்சல எடுத்துட்டுப் போயிட்டாம்ல. எரிச்சலுக்கு நெறம் உண்டும்னு நமக்கு எங்கல தெரிஞ்சுது?"

ஊர் அதிர்ந்தது. பூவைக் கொடுத்தவர் உண்டு, மீசையைக் கொடுத்தவர் உண்டு, உள்ளே இருக்கிற ஒன்றைக் கொடுத்தவர் இவர் ஒருத்தர்தான். மாலையும் தாம்பாளமுமாக வந்தார்கள். எந்த மரியாதைக்காக அவர் நாற்பது வருஷம் வெந்தாரோ, அது மேளத்தோடு வாசலில் வந்து நின்றது. அருமைநாயகம் மாலையை வாங்கிப் பார்த்தார், எடை நன்றாக இருக்கிறது என்றார், "சுடலைக்குப் போடுங்களேன், பாவம் எவ்வளவு வெள்ளையாத் துவைக்கான்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளிக்குப் பழம் வைக்கப் போனார். வந்ததை வைத்துக்கொள்ள அவருக்குள் இடமே இல்லை. ஆசை இருந்த இடமும் எரிச்சல் இருந்த இடமும் ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது.

இப்போது வெந்தது ஊர். "நமக்குன்னா பூவ எடுத்தான், டீயோட செம்மைய எடுத்தான். அவருகிட்டன்னா நோவ எடுத்திருக்கான் பாத்தியளா?" என்று இசக்கியம்மாள் முற்றத்தில் நின்று சொன்னாள். ராஜாமணிக்கு ஒரு வாரம் நெஞ்சு கரித்தது.

மெட்ராசில் ஒரு கண்காட்சியில் அந்தப் படத்தை வைத்தார்கள். ஊரே பஸ் பிடித்துப் போனது. கூடத்து வாசலில் காவலாளி ஒருவர் பானையில் தண்ணீரும் தம்ளருமாக நின்றார், பார்த்துவிட்டு வருகிறவர்கள் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். படத்தில் மூஞ்சி இல்லை, ஆள் இல்லை, சட்டை இல்லை. ஒரு நிறம் மட்டும்தான். என்ன நிறம் என்று இன்றுவரை ஊரில் சண்டை: களிம்பேறின செம்பு என்பார்கள், கருகப்போகிற நிமிஷத்து வெல்லப்பாகு என்பார்கள், மழைக்கு முந்தின சாயங்காலம் என்பார்கள். அதற்கு முன் கடவுள் செய்யாத நிறம்.

தங்கக்கனி அதற்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். தாலிச் சரட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "இதுக்குத்தானா நான் நாப்பது வருசம் மோர் ஊத்துனேன்? இவ்வளவு அழகையா அந்த மனுசன் உள்ள வச்சுக்கிட்டு என்னைய ஏசிக்கிட்டுக் கெடந்தாவ?"

லிங்கத்துரை ஒரு ஓரத்தில் பிரம்பை ஊன்றி நின்றான். மந்திரிமார் வந்து கும்பிட்டார்கள், வெள்ளைக்காரர்கள் கை குலுக்கினார்கள், அவன் யாரையும் பார்க்கவில்லை. அருமைநாயகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அருமைநாயகம் படத்தின் முன்னால் வந்து, கையைப் பின்னால் கட்டி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பொறுமையாகப் பார்த்தார்.

"எப்படிலே இருக்கு?" என்று கேட்டான் லிங்கத்துரை. குரல் பிள்ளைக் குரலாக வந்தது.

"நல்லா இருக்குலே."

லிங்கத்துரை கண்ணாடியைக் கழற்றினான். "என்ன சொன்ன?"

"ரொம்ப நல்லா இருக்கு. ஒன்னய மாதிரி யாரால முடியும்?"

"ஒரு கொற சொல்லுலே அருமை. ஒண்ணே ஒண்ணு."

அருமைநாயகம் சிநேகிதனுக்கு ஒத்தாசை செய்கிற மனதோடு மறுபடியும் குனிந்து, நிமிர்ந்து, பக்கவாட்டில் நின்று பார்த்தார். கடைசியில் உண்மையான வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"இல்லலே. தேடித்தான் பாக்கேன்."

"நான் மெட்ராசுல வரைஞ்சாலும் பாரிசுல வரைஞ்சாலும் ஒவ்வொண்ண முடிக்கும்போதும் ஒண்ணுதாம்ல நெனைச்சேன். இதப் பாத்தா செந்தேரிவிளைல ஒருத்தன் வயிறு எரிவான், எரியட்டும்னு நெனைச்சேன்." லிங்கத்துரை அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். "இனிம யாருக்குலே வரைய?"

"வரையாட்டி என்னலே, ஊருக்கு வா, சும்மா பேசிக்கிட்டு இருப்போம்" என்று அருமைநாயகம் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தோளில் கை போட்டுக்கொண்டார். சுற்றி நின்ற ஊர் ஜனம் அந்தக் கையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது.

அதற்குப் பிறகு செந்தேரிவிளையில் ஒரு பூவும் வெளுக்கவில்லை.